முத்தையா மச்சான் காத்திருந்த இயந்திரம்

1

சென்ற மாதம் என் வேலைக்குப் பத்து வயது பூர்த்தியாயிற்று. ஜேர்மன்காரர் இப்படியான நாட்களைச் சும்மா விடுவதில்லை. பின்னேர இடைவேளையில் எல்லோரையும் கூட்டி, கையில் ஒரு பூச்சட்டியைத் தந்து, நாலு வார்த்தை பேசுவார்கள். கேக்கை மட்டும் பாராட்டப்படுகிறவனே கொண்டுபோக வேண்டும். என்னைப் புகழ்வதற்கு நானே கேக் வாங்கும் இந்த ஏற்பாடு எனக்கு ஒருநாளும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், பெரிய அளவில்.

எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவி ஹைக்கே பேசினார். “இந்த மனிதர் பத்து வருடமாகச் செய்தவற்றில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. எல்லாவற்றையும் நாங்கள் சுட்டு முடித்துவிட்டோம். அடுத்த நாளும் வந்து அதையே திரும்பச் செய்கிறார்.” எல்லோரும் மேசையில் தட்டினார்கள், இங்கே படித்தவர்களின் கைதட்டல் அதுதான். நானும் சிரித்துக்கொண்டு முதல் துண்டை வெட்டிக் கையில் எடுத்தேன். சட்டைப்பைக்குள் ரெலிபோன் அதிர்ந்தது. இலங்கையில், நெடுங்கேணியிலிருந்து என் தங்கச்சி சுகந்தி. வேலை நேரத்தில் அவள் எடுக்கிறவள் அல்ல. வெளியே ஓடிப்போய்க் காதில் வைத்தேன்.

“அண்ணை, உங்கட கந்தோரில இருந்து ஒரு கடிதம் வேணும். மெசின் எப்ப வருமெண்டு எழுதி, சீல் குத்தி அனுப்புங்கோ. டொக்டருக்குக் காட்டவேணும்.”

“எந்த மெசின்?”

“கான்சர் மெசின். நீங்கள் கண்டுபிடிச்சது.”

2

அந்தத் தொலைபேசிக் கதையைத் தொடருவதற்கு முன் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு அதை விளங்கப்படுத்துவது கடினம். கடினமாக இருந்தபடியால்தான் பிழையாகச் சொன்னேன் என்று எழுதினால், அது இன்னொரு பொய்.

நான் எதையும் கண்டுபிடித்தவன் அல்ல. ஒரு லேசர் ஆய்வுகூடத்தில் படலம் ஒட்டுகிறவன். தலைமயிர் ஒன்றின் தடிப்பை ஆயிரம் பங்காக்கினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு மெல்லிய கரிப்படலம். கண்ணாடித் துண்டில் சவர்க்காரம் போன்ற ஒன்றைப் பூசி, அதன்மேல் கரியைப் படியவைத்திருப்பார்கள். நான் அந்தத் துண்டைத் தண்ணீர்த் தட்டுக்குள் சரித்து, மெல்ல மெல்ல இறக்குவேன். பூச்சுக் கரையும்போது படலம் பிரிந்து தண்ணீரில் மிதக்கும். வரிசையாக ஓட்டைகள் உள்ள ஒரு உலோகச் சட்டத்தை அடியில் கொடுத்துத் தூக்கினால், படலம் ஓட்டைகளை மூடிக்கொண்டு மேலே வரும். வந்தால் சந்தோசம். பாதி நாள் கிழிந்துதான் வரும். தும்மல் வந்தால் அறையை விட்டு ஓடவேண்டும்.

இப்படி அரைநாள் மினக்கெட்டுச் செய்ததை லேசரின் முன் வைப்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்தைப் பல லட்சம் கோடித் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு எவ்வளவோ, அந்தளவு நேரத்துக்கு ஒரு ஒளித்துடிப்பு, தூசியைவிடச் சிறிய புள்ளியில் வந்து விழும். படலத்தில் இருந்த இலத்திரன்கள் அடியைத் தாங்காமல் பின்பக்கமாகப் பாயும். அவை இழுக்கிற இழுவையில் பாரமான அயன்களும், அதாவது மின்னேறிய அணுக்களும், எழும்பி ஓடும். பழைய முறை இயந்திரங்கள் பெரிய மண்டபம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுக் கொடுக்கிற வேகத்தை, இங்கே ஒரு மயிரளவு தூரத்துக்குள் கொடுத்துவிடலாம் என்பதுதான் இவர்களுடைய கனவு.

இதில் எனக்கு மட்டும் சிரிப்பு வரும் விசயம் ஒன்று உண்டு. முந்திக்கொண்டு ஓடுகிறவை படலத்துக்குச் சொந்தமானவையே அல்ல. எவ்வளவு துடைத்தாலும் அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரமும் எண்ணெய்ப்பசையும்தான். அந்த அழுக்கிலுள்ள ஐதரசனின் கரு, புரோத்தன் என்பார்கள், எல்லாவற்றிலும் இலேசானது. அது முதலில் பறக்கும். தலைக்கு மூடி, முகத்துக்கு மூடி, காலுக்கு மூடி என்று பத்து வருடம் சுத்தமான அறைக்குள் இருந்தவனுடைய சாதனை, அவன் துடைக்காமல் விட்ட அழுக்கில் இருக்கிறது.

புரோத்தன் உடம்புக்குள் போனால் ஒரு குறித்த ஆழத்தில் போய் நின்றுவிடும். ஆகவே புற்றுநோய்க் கட்டியைச் சுட்டு, அதற்குப் பின்னால் இருப்பதைத் தொடாமல் விடலாம். அதற்கான பெரிய இயந்திரங்கள் சில நாடுகளில் இருக்கின்றன. லேசரால் அதைச் சின்னதாக்கலாமா என்றுதான் பார்க்கிறார்கள். இன்னும் போதிய வேகம் வரவில்லை. வந்தாலும் ஒரு அடியைப் போல மறு அடி இருப்பதில்லை. என்றாவது ஒருநாள் சரிவரலாம்.

என் மகள் அபிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் “படலம் ஒட்டுபவர்” என்று ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தாள். “ஆராய்ச்சியாளர் எண்டு எழுது பிள்ளை” என்றேன். அவள் தமிழில் சொல்தேடி, கண்டுபிடித்துச் சொன்னாள்: “ஆனா நீங்க ஆராயிறேல்லையே, அப்பா.”

3

நாலு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனைப் படித்த பள்ளிக்கூடத்து மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லுவது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவன் அங்கே கடை வைத்திருந்தால் தொழிலதிபர். பஸ் ஓட்டினால் போக்குவரத்துத் துறை நிபுணர். என்னை அறிவிப்பாளர் “நெடுங்கேணி மண் ஈன்ற அணு விஞ்ஞானி” என்றார். நான் திருத்தியிருக்கவேண்டும். அதற்கு ஒரு நிமிட அவகாசம் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் பொன்னாடை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேசினேன். மூன்று விசயம் சொன்னேன். முதலாவது, பெரிய மண்டபம் தேவைப்பட்ட புற்றுநோய் இயந்திரத்தை நாங்கள் மேசையில் வைக்கப்போகிறோம். ஆய்வுகூடத்தில் எல்லோரும் மேசை என்றுதான் சொல்லுவார்கள். அந்த மேசைகளை வரிசையாகப் போட்டால் ஒரு பள்ளிக்கூட மண்டபம் போதாது என்பதை நான் சொல்லவில்லை. இரண்டாவது, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒளித்துடிப்பு முடிவதைத்தான் சொன்னேன், வைத்தியம் முடிவதை அல்ல. மூன்றாவது, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இது வந்துவிடும். மூன்றாவதற்கு என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. கைதட்டு வந்துகொண்டிருந்தது, சொன்னேன்.

யாரோ அதை ரெலிபோனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே நான் சொன்னதை உண்மையாகக் காதுகொடுத்துக் கேட்டவர் ஒரே ஒருவர். சுகந்தியின் புருசன் முத்தையா. நிகழ்ச்சிக்கான கதிரைகளைத் தன்னுடைய லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்து இறக்கிவிட்டு, எல்லோருக்கும் பின்னால், ஒரு கதிரையிலும் இராமல், நின்று கேட்டார்.

முத்தையாவின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் காணி திருத்தி இருந்த சனம். சுகந்தி அவரைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, குறுக்கே நின்றவன் நான். ஜேர்மனியிலிருந்து ரெலிபோன் எடுத்து, “எங்கட ஆக்களுக்கு அது சரிவராது” என்றேன். அப்போது நான் ஒரு உணவகத்துக் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சட்டியும் மறு கையில் ரெலிபோனுமாக நின்றுதான் என் குடும்பத்துப் பெருமையைக் கதைத்தேன். அவள் கட்டினாள். நான் அஞ்சு வருடம் அவளோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தபோதும், எங்களைப் போல ஓம் என்னாமல் ஆமா என்கிறாரே என்று அவர் இல்லாத இடத்தில் சொல்லிச் சிரிப்பதை விடவில்லை.

அந்த மனிதர் கூட்டம் முடிந்து, கதிரைகளைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

“மச்சான், அந்த மேசை எவ்வளவு பெருசு?”

இதைவிட நல்ல கேள்வியை எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிற பேராசிரியர்களே கேட்பதில்லை. நான் அவருடைய தோளில் தட்டி, “யோசியாதேங்கோ, வவுனியாவுக்கு ஒண்டு கொண்டந்து வைப்பம்” என்றேன்.

4

கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சுகந்தி சொன்னதைக் கேட்டேன்.

முத்தையாவின் கன்னத்தின் உட்பக்கத்தில், வெற்றிலை அடக்குகிற இடத்தில், ஒரு புண். ஆறவில்லை. வவுனியாவில் வெட்டிச் சோதித்து, கான்சர் என்று சொல்லி, தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கரண்ட் வைக்கவேண்டும், அதாவது கதிர்ச் சிகிச்சை. ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், நிற்கவேண்டும். அதற்கு முன் பழுதான பற்களைப் பிடுங்கவேண்டும். அவருக்குத் தெரிந்த ஒருவர் போய் வந்து, வாயில் எச்சில் ஊறாமல் கஞ்சிக்குக் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறார். அதன் பிறகு இரண்டு தரம் திகதி கொடுத்தும் போகவில்லை. மூன்று மாதமாயிற்று.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாதாம். நீங்கள் மெசினை முடிக்கிற அவசரத்தில இருப்பியளாம். கிளினிக்கில டொக்டருக்கு உங்கட வீடியோவைப் போட்டுக் காட்டினவர். அப்பிடியெண்டா அங்கயிருந்து கடிதம் கொண்டாங்கோ எண்டு அவர் சொன்னவராம்.”

டொக்டர் எரிச்சலில் சொல்லியிருப்பார். இவர்கள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள்.

“இந்தாங்கோ, அவரோட கதையுங்கோ.”

முத்தையாவின் குரலில் பாக்குக் கடிப்பதைப் போன்ற ஒரு தடிப்பு இருந்தது. “மச்சான், சுகமா? பிள்ளை படிக்குதா? இஞ்ச பாருங்கோ, இவ சும்மா அவசரப்படுத்துறா. நீங்க ஆறுதலாச் செய்யுங்கோ. அரைகுறையா முடிச்சுப்போடாதேங்கோ. நான் தாங்குவன்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். என் ஒரு கையில் கேக் இருந்தது. மறு கையில் ரெலிபோன்.

“பாக்கிறன், மச்சான்” என்றேன்.

5

அடுத்த நாள் காலை ஹைக்கேயின் அறைக்குப் போனேன். ஜேர்மனில் சுற்றிவளைத்துப் பேசுமளவுக்கு எனக்கு மொழி வராது. அதனால் நேரடியாகச் சொல்லவேண்டியதாயிற்று: என் தங்கையின் கணவருக்குப் புற்றுநோய். நான் ஊரில் போய், இங்கே நாங்கள் புற்றுநோயைக் குணமாக்குகிறோம் என்றேன். அவர் சிகிச்சைக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருக்கிறார்.

ஹைக்கே சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கோப்பியைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு காலமாக?”

“மூன்று மாதம்.”

“நாங்கள் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களைச் சுட்டோம். பிறகு எலிகளை. மனிதர் ஒருவரும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும்தானே? படலங்களை நீங்கள்தானே செய்தீர்கள்.”

“தெரியும்” என்றேன். பத்து வருடத்தில் அவர் என்னைக் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் தயங்காமல் விடை சொன்னேன்.

அவரே இருந்து கடிதத்தைத் தட்டினார். நிர்வாகம் முத்திரை குத்தவேண்டும். நிர்வாகத்தில் வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களுக்கு முத்திரை செவ்வாயும் வியாழனும் மட்டும், மதியத்துக்கு முன். அன்று புதன். வியாழக்கிழமை போனால் ஒரு படிவம். அதில் “கடிதத்தின் நோக்கம்” என்று ஒரு பெட்டி. முதலில் “குடும்ப விடயம்” என்று எழுதினேன். அங்கே இருந்தவர் தாளைத் திருப்பித் தந்து, இன்னும் துல்லியமாக எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: “நான் சொன்ன பொய்யைத் திருத்துவதற்கு.” அவர் வாசித்தார், தலையை ஆட்டினார், குத்தினார். பெட்டி நிரம்பியிருந்தால் அவருக்குப் போதும்.

6

சனிக்கிழமை காலை வீடியோவில் எடுத்தேன். அங்கே பின்னேரம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அபி, கேட்காமலே, வந்து பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்குள் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்கு என்ன நினைத்தாளோ தெரியாது.

அந்தப் பக்கம் முத்தையா சட்டை மாற்றி, தலை வாரி, தயாராக இருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் சுகந்தி நின்றாள். முத்திரை தெரியக் கடிதத்தை முதலில் கமராவுக்குக் காட்டினேன். “பாத்தியா?” என்று முத்தையா சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஜேர்மனில இருக்கு. நான் தமிழில வாசிக்கிறன்” என்றேன். “இவர் எங்கட நிறுவனத்தில... தொழினுட்ப அதிகாரி...”

“உதவியாளர், அப்பா” என்றாள் அபி.

“உதவியாளர். படலம் தயாரிக்கிற பிரிவில பத்து வருசமா வேலை செய்யிறார். இந்த நிறுவனம் இப்போதைக்கு நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யிறதில்லை...”

அவள் விரலை வைத்தாள். “இப்போதைக்கு எண்டு இதில இல்லை.”

நான் அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். மூன்றாவது வரியை அவள் உதவி இல்லாமல் வாசித்தேன்: “இந்த முறை எப்ப மனிசருக்குப் பாவிக்கக்கூடியதா வருமெண்டு எங்களால சொல்லேலாது. நோயாளி தன்ர டொக்டர்மார் சொல்லுற சிகிச்சையை உடன தொடங்கவேணும்.”

எங்கோ ஒரு கோழி கத்தியது.

“அப்ப அண்டைக்கு மேடையில சொன்னது?” சுகந்தி கேட்டாள்.

“பொய்.”

“எது பொய்?”

முத்தையா கையை உயர்த்தினார். “விடு சுகந்தி. மச்சான் பெரிய இடத்தில இருக்கிறவர். மேடையெண்டா ஒண்டு ரெண்டு கூடத்தான் வரும்.”

அவர் எனக்காகக் கதைக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. “ஒண்டு ரெண்டு இல்லை மச்சான். நான் அங்க மெல்லிசாத் தாள் ஒட்டுறன். அவ்வளவுதான். எலிக்குத்தான் குடுத்துப் பாத்திருக்கினம். அந்த மேசை உங்கட பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ள கொள்ளாது. வவுனியாவுக்கு ஒண்டும் வராது.”

“கண்மூடித் திறக்கிறதுக்குள்ள முடியுமெண்டது?” முத்தையா கேட்டார்.

“முடியிறது வெளிச்சம். நோய் இல்லை.”

அவர் கீழே பார்த்தார். வீங்காத கன்னத்தைத் தடவினார். கோபம் வந்தால் நல்லது என்று காத்திருந்தேன். நான் அவருக்குச் செய்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு முறை ஏசட்டும்.

“நான் சந்தையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், மச்சான்” என்றார். “உங்கட வீடியோவைக் காட்டித்தான் சொன்னனான். இனி என்னெண்டு முகம் பாக்கிறது?”

அவருக்கு வெட்கமாக இருந்தது. என்னுடைய பொய்க்கு அவர் வெட்கப்பட்டார்.

“நான் சொல்லுறன்” என்றேன். “யார் கேட்டாலும் எனக்கு எடுத்துத் தாங்கோ.”

சுகந்தி என்னைப் பார்க்காமல் அவருக்குச் சொன்னாள்: “திங்கக்கிழமை முதல் பஸ். நான் உடுப்பு அடுக்கிறன்.”

“ஆமா” என்றார் முத்தையா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

7

போனார்கள். திரும்ப ஸ்கேன் படம் பிடித்துப் பார்த்ததில் கழுத்து நிணநீர்க் கட்டி ஒன்றிலும் இருக்கிறதாம். கரண்ட்டோடு மருந்தும் ஏற்றவேண்டும். மூன்று மாதத்துக்கு முன் வந்திருந்தால் என்று அங்கே டொக்டர் சொல்லவில்லையாம். சுகந்தியும் சொல்லவில்லை. அவள் இப்போது என்னோடு தேவைக்குத்தான் கதைக்கிறாள். அஞ்சு வருடம் நான் கதைக்காமல் இருந்தவன். கணக்குக் கேட்க எனக்கு வாயில்லை. குணமாகுமா என்று அபி கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவது இந்த வயதில் பழக ஆரம்பித்திருக்கும் ஒரு புதிய பழக்கம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு எழும்பலாம் என்று இருந்தபோது, நேற்று மத்தியானம் முத்தையா வீடியோவில் எடுத்தார். வார்ட்டுக்கு வெளியே, விறாந்தையில் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நாலு பல்லுப் போய்விட்டது. வாய் முழுக்கப் புண்; கதைப்பது நோகும். அதனால் பக்கத்தில் இருந்த ஒருவரைக் கைகாட்டிவிட்டு, ரெலிபோனை அவரிடம் கொடுத்தார். கொடுக்கும்போது நோவோடு நோவாக இரண்டு வார்த்தை சொன்னார்: “என்ர மச்சான். விஞ்ஞானி.”

கடிதம் வாசித்துக் கேட்ட மனிதர். எல்லாம் தெரிந்தும், பிறத்தியாருக்கு முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை.

மற்றவருக்கு அறுபது வயதிருக்கும். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிறவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. “தம்பி, நீங்கள்தானே அந்த வீடியோவில கதைச்சது?” என்றார். “என்ர மகனும் அனுப்பினவன். நல்லதாப் போச்சு. எனக்கும் இண்டைக்குப் பல்லுப் பிடுங்கக் கூப்பிடப்போகினம். நான் வீட்ட போய், உங்கட மெசின் வரும்வரைக்கும் பாப்பமெண்டு இருக்கிறன். என்ன சொல்லுறியள்?”

“நான் விஞ்ஞானி இல்லை, ஐயா” என்றேன். “மச்சான் என்னில உள்ள மரியாதையில சொல்லுறார். நான் அங்க ஒரு உதவியாளர். அந்த மெசின் இல்லை. மேடையில நான் சொன்னது பொய்.”

அவர் முத்தையாவைத் திரும்பிப் பார்த்தார். முத்தையா தலையைக் குனிந்து, ஒருதரம் ஆட்டினார்.

“பொய்யெண்டா,” என்றார் அவர், “கொஞ்சமும் வராதோ? ஒரு வருசத்தில?”

“வராது. உங்களைக் கூப்பிட்டா உடன போங்கோ, ஐயா. பல்லைக் குடுங்கோ.”

“உங்களை நம்பித்தானே தம்பி...”

“இதையும் நம்புங்கோ.”

உள்ளேயிருந்து ஒரு தாதி பெயர் ஒன்றைக் கூப்பிட்டாள். திரையில் முகம் போய், மின்விசிறி வந்தது. பிறகு சுவர், பிறகு வாங்கின் கால். ரெலிபோன் கைமாறுகிறது என்று விளங்கிற்று. தாதி இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் கேட்டது, நின்றது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

“மச்சான்?” என்றேன்.

முத்தையா, வாயைத் திறக்காமலே, பல்லுப் போன இடத்தால் மெதுவாகச் சொன்னார்.

“உள்ள போறார்.”